முவேராவின் முகவரி

சிந்தேச்சே
மே 12

தெம்வா அக்காவுக்கு,

உன் தங்கைதான் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படி. போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது. மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். எங்காவது ஒரு வரி பாதியில் நின்றால் அதுதான் காரணம்.

விடுதியிலிருந்து போகிற கடிதங்களை மேட்ரன் பிரித்துப் படிக்கிறார். அதனால் இதை வேலியோரம் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கும் நியாசிர்வாவிடம் கொடுக்கிறேன். அவர் லிலோங்வே பஸ் டிரைவரிடம் கொடுப்பார். பதிலையும் அதே வழியில் அனுப்பு. போன பருவத்தில் தலையணைக்குள் போன் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணினி அறையில் இணையம் உண்டு. ஆனால் அஞ்சல், அரட்டை எல்லாவற்றையும் கமங்கா சார் பூட்டி வைத்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். புவியியல் அறையின் கூரையில் மூன்று கிண்ணங்கள் சுற்றும் காற்றுமானி ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். அதன் கம்பி கணினி அறைக்கு வருகிறது. அங்கே ஒரு கணினி இரவும் பகலும் சூரியத் தகட்டில் ஓடி, காற்றின் வேகத்தைக் குறித்துக்கொள்கிறது. அதை ஓர் இணையப் பக்கமாகக் காட்டும்படி சார் எனக்குப் பாடவேலை கொடுத்தார். செய்துவிட்டேன். அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தால் பள்ளி நிற்கும் இந்த ஏரி முனையில் அடிக்கும் காற்று எண்ணாகத் தெரிகிறது: சாதாரண நாளில் ஐந்து, ஆறு, முப்பதைத் தாண்டினால் படகு கவிழும்.

நீயும் இங்கே படித்தவள், உனக்குத் தெரியும். முவேராக் காற்று தெற்கிலிருந்து கிளம்பினால் முதலில் எங்கள் முனையைத்தான் அடிக்கும். கீழே விரிகுடாவில் அந்த நேரத்தில் ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உசிப்பா மீனுக்கு விளக்குப் படகுகள் போகின்றன. முனையைத் தாண்டிய பிறகே காற்று தெரியும். அதற்குள் திரும்ப முடியாது. தவோங்காவின் அப்பா அப்படித்தான் போனார். அன்று மாலை எங்கள் கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது கரைக்குத் தெரியவில்லை. தவோங்கா என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறாள். நம் அப்பா இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

அதனால் என் பக்கத்தின் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி நியாசிர்வா வழியாக அம்மாவுக்கு அனுப்பினேன். "அதைப் போட்டா போன் சும்மா முறைச்சுக்கிட்டு நிக்குதாம்" என்று அவர் வந்து சொன்னார். நீ கணினிக் கடையில் இருக்கிறாய். திறந்து பார்த்துச் சொல். முகவரி இதுதான்: லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, எட்டாயிரம்.

லுசுங்கு

*

லிலோங்வே
மே 18

லுசுங்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன். தாளின் இரண்டு பக்கமும் தேடினேன். காணோம். நர்ஸிங் பள்ளியை விட்டதை நானே நல்ல நேரம் பார்த்து அம்மாவிடம் சொல்ல இருந்தேன். நீ முந்திக்கொண்டாய். இப்போது அம்மா என் போனை எடுப்பதில்லை. பொங்கி வரும் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் முகவரியை எழுத்துக்கு எழுத்து அடித்துத் திறந்தேன். என்ன தெரிந்தது தெரியுமா? சவப்பெட்டிகள்.

பலகைச் சவப்பெட்டி, வெள்ளைத் துணி வைத்தது, பித்தளைக் கைப்பிடி போட்டது. வரிசையாக. பக்கத்து மேசை ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "தெம்வா, உங்க ஊர்க் காத்து ரொம்பப் பலம்தான் போல" என்று சொன்னான். கடை முழுக்கச் சிரிப்பு.

பயந்துவிடாதே. சந்தைப் பக்கம் சவப்பெட்டி செய்கிற ஒருவருக்கு நான் இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். அது என் கணினியில் அரைகுறையாக ஓடுகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இந்த வீடு" என்று பொருள், அவ்வளவுதான். நீ சொன்னால் உன் வீடு. நான் சொன்னால் என் வீடு. "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டவனுக்கு "இங்கேதான்" என்று கடிதம் எழுதியவள் நீ. அம்மாவின் போனுக்குள் ஒரு வீடும் இல்லை, அதனால் அது முறைத்தது.

சார் கேட்டதைச் செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு சும்மா இரு.

தெம்வா

*

சிந்தேச்சே
மே 23

அக்கா,

சவப்பெட்டி என்ற சொல்லைப் படித்ததும் டார்ச்சை அணைத்துவிட்டேன். நீ விளக்கம் எழுதியிருந்த அடுத்த பத்தியைக் காலையில்தான் படித்தேன். அந்த இரவு முழுவதும் அப்பாவை நினைத்துக்கொண்டே கிடந்தேன். இனிமேல் விளக்கத்தை முதலில் எழுது.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். "தெம்வா படிப்பு எப்படிப் போகுது?" என்று அம்மா நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து உன்னாலும் பொய் சொல்ல முடியாது.

சும்மா இருக்கவும் முடியாது. சாரிடம் கேட்டுப் பார்த்தேன். "சார், இந்தப் பக்கம் வெளியிலயும் தெரியற மாதிரி செய்யலாமா?" என்றேன். "பள்ளிக்கூடக் கணினியை ஊருக்கே திறந்து விடச் சொல்றியா? நாளைக்குக் கழிப்பறையையும் திறந்து விடணுமா? போய் உன் கணக்கைப் போடு" என்றார். வகுப்பே சிரித்தது. தவோங்கா மட்டும் சிரிக்கவில்லை.

கணினி அறையைப் பெருக்கும் முறை இந்தப் பருவம் எனக்கு. வகுப்பு முடிந்ததும் சாவி என் கையில் வரும். பெருக்குவதற்குள் செய்ய முடிகிற வழி ஏதாவது இருந்தால் எழுது. மாட்டிக்கொண்டால் எனக்கும் பெட்டி படுக்கைதான் என்பது தெரியும். இருந்தாலும் எழுது.

முவேராக் காலம் வந்துவிட்டது.

லுசுங்கு

*

லிலோங்வே
மே 28

லுசுங்கு,

வழி இருக்கிறது. விளக்கத்தை முதலில் எழுதுகிறேன், போதுமா?

நியாசிர்வாவை நினைத்துக்கொள். அவர் விடுதிக்குள் வர முடியாது, வாயிலில் காவலாளி நிற்கிறார். ஆனால் நீ உள்ளிருந்து வேலி இடுக்கு வழியாகக் கையை நீட்டினால் அவர் மண்டாசியைக் கையில் வைப்பார். கையை நீட்டுகிறவள் உள்ளே இருப்பவள். உங்கள் கணினி அறையும் அப்படித்தான். வெளியிலிருந்து யாரும் உள்ளே கூப்பிட முடியாது, உள்ளிருந்து வெளியே போக முடியும். ஆகவே உங்கள் கணினியே வெளியே ஒரு கணினிவரை கையை நீட்டி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைக் கேட்டு வருகிறவர்கள் அந்த வெளிக் கணினியைக் கேட்பார்கள். அது நீட்டிய கை வழியாக உன்னிடம் கேட்டு வாங்கித் தரும். சுரங்கம் என்று இதற்குப் பெயர். இலவசமாக அப்படி நின்று வாங்கித் தருகிற ஒரு சேவையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கட்டளை ஒரே வரி.

இன்னொன்று. இதை அடிக்கோடிட்டுப் படி. உன் பக்கம் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அந்தக் கோப்புறை முழுவதும் உலகத்துக்குத் தெரியும். சுரங்கம் திறப்பதற்கு முன் அங்கே வேறு என்ன இருக்கிறது என்று பார்.

இது நல்ல யோசனை என்று நான் சொல்லவில்லை. அப்பா இன்னும் போகிறார் என்று எழுதினாயே, அதற்காகத்தான்.

தெம்வா

*

சிந்தேச்சே
ஜூன் 3

அக்கா, அக்கா, அக்கா!

திறந்துவிட்டது!

முதலில் நீ சொன்னபடி கோப்புறையைப் பார்த்தேன். என் பக்கத்துக்கு அருகிலேயே நான்காம் படிவ வகுப்பின் மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாம் கிடந்தன. கணிதம், உயிரியல், எல்லாம். சார் அங்கேதான் சேமித்து வைக்கிறார். நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் நாடு முழுவதுக்கும் தேர்வுத் தாளை வெளியிட்டிருப்பேன். ஒரு தாளைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, சத்தியம். என் பக்கத்தை மட்டும் தனிக் கோப்புறைக்கு மாற்றி, அதை மட்டும் ஓடவிட்டேன்.

பிறகு உன் வரியை அடித்தேன். கறுப்புச் சன்னலில் எழுத்துகள் ஓடின. கடைசியில் ஒரு முகவரி வந்தது. சம்பந்தமே இல்லாத நான்கு சொற்கள், நடுவில் கோடுகள். சார் உள்ளே வைத்திருக்கும் சிறு போனில் இணையம் இருக்கிறது. அதில் அடித்துப் பார்த்தேன். தெரிந்தது! வேறொரு போனில், வேறொரு இணையத்தில், எங்கள் முனையின் காற்று! துடைப்பத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். தவோங்கா சன்னல் வழியாகப் பார்த்துக் கதவைத் தட்டினாள். அவளுக்குக் காட்டினேன். எண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உடனே திறந்து பார்.

லுசுங்கு

*

லிலோங்வே
ஜூன் 9

லுசுங்கு,

பஸ் நிலையத்திலேயே நின்று கடிதத்தைப் பிரித்து, போனில் அடித்தேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது.

என்ன நடந்திருக்கும் என்று நானே சொல்கிறேன். நீ கடிதத்தை நியாசிர்வாவிடம் கொடுத்த பிறகு எப்போதோ மின்சாரம் போயிருக்கும். கணினி சூரியத் தகட்டில் பிழைத்துக்கொண்டது. இணையப் பெட்டி பிழைக்கவில்லை. நீட்டிய கை அறுந்துவிட்டது. மறுபடி தொடங்கினால் இலவசச் சேவை வேறு நான்கு சொற்களைக் கொடுக்கும். உன் முகவரி பஸ்ஸிலேயே செத்துவிட்டது. தினம் ஒரு முகவரியை நியாசிர்வா மண்டாசிக் கூடையில் சுமந்துகொண்டு கரைக்கு ஓட முடியாது.

ஆகவே மாறாத பெயர் வேண்டும். நான் ஒன்று செய்தேன். எங்கள் கடை வாடகைக்கு வைத்திருக்கும் வெளிக் கணினியில் முதலாளியிடம் ஒரு மூலை கேட்டேன். "எதுக்கு?" என்றார். "காத்துக்கு" என்றேன். "சம்பளம் கேக்காத வரைக்கும் எதுக்கு வேணா எடுத்துக்கோ" என்றார். அதற்கு ஒரு பெயரும் வாங்கினேன். பெயரில் முவேரா என்ற சொல் இருக்கிறது. அப்பா வயதுக்காரர்களும் எழுத்துக்கூட்டி அடித்துவிடலாம்.

இனி உங்கள் கணினி நேராக என் மூலைக்குக் கையை நீட்டும். புதுக் கட்டளை தனித்தாளில். அதில் நடுவே ஒற்றையாக நிற்கும் ஆர் எழுத்து பெரிய எழுத்து. சிறியதாக அடித்தால் திட்டும். அறுந்தால் திரும்பத் தானே நீட்டிக்கொள்ளவும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் பெயரை நீயே சேர்த்துவிடு. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

தெம்வா

*

சிந்தேச்சே
ஜூன் 19

அக்கா,

அம்மா பார்த்துவிட்டார்! மீன் வாங்கக் கூடையோடு கரையில் நிற்கும்போது பக்கத்துப் பெண்களுக்கும் காட்டினாராம். இப்போது படகு தள்ளும் முன் பெண்கள் எல்லாரும் போனைப் பார்க்கிறார்களாம். நியாசிர்வா வேலியோரம் நின்று அப்பாவைப்போலவே நடித்துக் காட்டினார்: "முப்பது வருஷமா மூக்காலயே முவேராவை மோந்து பார்க்கிறவன் நான். கூரையில சுத்துற மூணு டம்ளர் எனக்குப் பாடம் சொல்லுதா?" அதற்கு அம்மா, "அந்த மூக்குதான் போன மாசம் கருவாடு கருகினதைக்கூடக் கண்டுபிடிக்கல" என்றாராம்.

சந்தோஷமாகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. யார் யார் வந்து பக்கத்தைக் கேட்டார்கள் என்று கணினி வரிவரியாக எழுதுகிறதே, அதை இன்று பார்த்தேன். யாரோ வந்து நிர்வாகியின் அறை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கடவுச்சொல் கோப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப, வேறு வேறு இடத்திலிருந்து. தலைமையாசிரியை முசிஸ்கா மேடம் யாரையோ வைத்து என்னைத் தேடுகிறாரா? மூடிவிடட்டுமா? மேட்ரன் வரு

*

லிலோங்வே
ஜூன் 25

லுசுங்கு,

பாதியில் நின்ற கடிதம் வந்து சேர்ந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்று நியாசிர்வா பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார், அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த முறை சொல்லை முடித்துவிட்டு ஒளிந்துகொள்.

மூடாதே. அது யாரும் உன்னைத் தேடி வந்ததல்ல. உலகத்தில் எந்தக் கதவு புதிதாகத் திறந்தாலும் எந்திரங்கள் வந்து தட்டிப் பார்க்கும். சந்தைக்குள் நுழைந்ததும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிற கைகள் இல்லையா, அவைபோல. சவப்பெட்டிக் கடையிலும் தினமும் வந்து கடவுச்சொல் கேட்கின்றன. உன் கோப்புறையில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. திருடிக்கொண்டு போகட்டும், காற்றுதானே.

என் பக்கத்திலும் ஒன்று தெரியும். உன் சுரங்கம் நிற்கிறதா, அறுந்ததா என்று என் திரையில் ஒரு விளக்கு காட்டுகிறது. பச்சை என்றால் நீ இருக்கிறாய். வேலைக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். முதலாளி அதற்கு "தெம்வாவின் தங்கை" என்று பெயர் வைத்துவிட்டார்.

நீ அம்மாவிடம் சொன்னது சரியா தப்பா என்று இனி கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கருவாடு கருகிய கதையை எனக்கு யாரும் சொல்லவே இல்லை. அதுதான் வருத்தம்.

தெம்வா

*

சிந்தேச்சே
ஜூலை 7

அக்கா,

எல்லாம் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

வியாழக்கிழமை கமங்கா சார் அந்தக் கறுப்புச் சன்னலைப் பார்த்துவிட்டார். இணையப் பெட்டியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அறையைப் பூட்டினார். வகுப்பில் வந்து நின்றார். "யாரோ நம்ம கணினிக்குப் பின்வாசல் வெச்சிருக்கீங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள யார்னு சொல்லணும். இல்லன்னா மூணாம் படிவம் மொத்தமும் சுதந்திர தினத்துக்கு அறைக்குள்ளயே உக்காந்திருப்பீங்க" என்றார். நான் மேசையின் கீழே இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி. நிலவில்லாத இரவு. அடுத்த நாள் விடுமுறை என்பதால் மீனுக்கு நல்ல விலை, எல்லாப் படகும் போகும். மாலையில் தவோங்கா கொடிப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். அவள் கையில் பாதிப் படுக்கைவிரிப்புதான் இருந்தது. மீதியைக் காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டது. இருவரும் முனைக்கு ஓடிப்போய்க் கீழே பார்த்தோம். ஏரி அசையாமல் கிடந்தது. விளக்கேற்றிய படகுகளைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிளம்பியே விட்டன. நாங்கள் கத்தினோம். எங்கள் கத்தலை எங்களிடமே திருப்பி எறிந்தது காற்று.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. முசிஸ்கா மேடத்தின் வீட்டுக் கதவு முன் நின்றேன். மேடம் சாப்பாட்டுக் கையோடு வந்தார்.

"என்னடி இது, மூச்சு வாங்குற?"

"மேடம், அது நான்தான்."

"எது நீதான்?"

"பின்வாசல்."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். நாளைக்கு அனுப்புங்க. இப்ப அறையைத் திறக்கச் சொல்லுங்க."

படகுகளைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். பாதி அழுகை, பாதிதான் சொல். மேடத்தின் சன்னல் திரை அதற்குள் மேலெழுந்து கூரையைத் தொட்டது. அவர் அதைப் பார்த்தார். கையைக்கூடக் கழுவாமல் "கமங்கா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தக் குரலுக்கு ஆசிரியர் குடியிருப்பில் மூன்று கதவுகள் திறந்தன.

சார் பெட்டியை மாட்டிக்கொண்டே, "மேடம், இது பாதுகாப்பு விஷயம், இப்படித் திடுதிப்புனு..." என்றார். "முதல்ல மாட்டுங்க, அப்புறம் பேசுங்க" என்றார் மேடம். நான் கட்டளையை அடித்தேன். கணினி ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் ஏற்கவில்லை. என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த சார் மெதுவாகச் சொன்னார்: "ஆர் பெரிய எழுத்தும்மா."

அடித்தேன். சுரங்கம் திறந்தது.

முனையில் காற்று நாற்பத்தொன்று.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கறுப்புச் சன்னலில் ஒரு வரி வந்தது. ஒருவர் பக்கத்தைக் கேட்டிருக்கிறார். பிறகு இரண்டு. பிறகு வரிகள் நிற்காமல் கீழே ஓடத் தொடங்கின. "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் மேடம். "ஆளுங்க மேடம். கரையில." மேடம் ஒரு மாணவியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சார் விளக்கை அணைத்தார், வெளியே நன்றாகத் தெரியட்டும் என்று. சன்னலில் நின்று பார்த்தோம். முன்னால் போய்விட்ட இரண்டு விளக்குகளும் நின்றன. ஒன்று திரும்பியது. அப்புறம் மற்றதும் திரும்பியது. தவோங்கா என் கையில் இறுக்கிப் பிடித்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

கரையில் நடந்ததைக் காலையில் நியாசிர்வா சொன்னார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அப்பாவின் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மற்றப் பெண்களும் கயிறுகளைப் பிடித்தார்களாம்.

"விடு. போன்ல அந்தப் பக்கம் நேத்திலிருந்து செத்துக் கிடக்குன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். அதான் விடமாட்டேன்."

இழுத்துக்கொண்டு நிற்கும்போதே போனில் எண் வந்திருக்கிறது. அம்மா அதை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாராம்.

"நாப்பத்தொண்ணா? இங்க ஒரு இலைகூட ஆடல!"

"தவோங்கா அப்பா போனன்னைக்கும் ஆடல."

அதைக் கேட்டதும் அப்பா துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டுக் கரையேறினாராம். போனில் எண்ணைப் பார்த்துத் திரும்பிய இரண்டு படகுகளையும் மணலில் ஏற்றிய பிறகு முவேரா விரிகுடாவுக்குள் வந்தது. இரண்டு வீட்டுத் தகரக் கூரை போய்விட்டது. எங்கள் பள்ளி மாமரம் முறிந்தது. ஏரியில் ஒரு படகுகூட இல்லை, அக்கா. ஒன்றுகூட இல்லை!

நேற்று எல்லாரும் விழாவுக்குப் போனோம். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "அனுமதி இல்லாம திறந்ததுக்கு ரெண்டு வாரம் புல்லு வெட்டணும்" என்றார். சரி மேடம் என்றேன். "வெட்டி முடிச்சிட்டு வந்து கணினி அறைச் சாவியை வாங்கிக்கோ. சார் உன்கிட்ட அந்தச் சுரங்கத்தைக் கத்துக்கணுமாம்."

கையெல்லாம் கொப்புளம். இதைவிடச் சந்தோஷமாக நான் புல் வெட்டியதே இல்லை.

ஒன்றுதான் புரியவில்லை. பக்கம் செத்துக் கிடந்தபோது அம்மா ஏன் கயிற்றைப் பிடித்தார்?

லுசுங்கு

*

லிலோங்வே
ஜூலை 12

லுசுங்கு,

கடையில் எல்லாரையும் உட்காரவைத்து உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "ஆர் பெரிய எழுத்தும்மா" என்ற இடத்தில் முதலாளி மேசையைத் தட்டினார்.

உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை என் திரையில் விளக்கு சிவப்பாகிவிட்டது. மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும். இது ஆகவில்லை. நீ மாட்டிக்கொண்டாய் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து அம்மாவுக்கு விடாமல் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கடைசியில் எடுத்து, "என்னடி வேணும் உனக்கு? மீனைப் பார்க்கவா, உன்னைப் பார்க்கவா?" என்று கத்தினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சொல் அது. எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

"அம்மா, போனை வெச்சிடாத. ஒண்ணே ஒண்ணு. பக்கம் தெரியலைன்னா காத்து இல்லைன்னு அர்த்தமில்ல. என்ன காத்துன்னு யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். தெரியாதப்ப அப்பாவை விடாத" என்றேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

விளக்கு பச்சையான நேரம் நான் கடையிலேயே இருந்தேன். ஓவென்று கத்தினேன். பாதுகாவலர் தடியோடு ஓடி வந்தார். நம் விரிகுடாவில் உள்ள போன்கள் மட்டும் வரவில்லை, லுசுங்கு. வடக்கே ஊசிஸ்யா பக்கத்திலிருந்து, தீவிலிருந்து, அக்கரை மொசாம்பிக் கரையிலிருந்துகூடக் கேட்டிருக்கிறார்கள். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது சுரங்கம் அறுந்தால் பக்கம் வெறுமையாக நிற்காது. என் மூலையிலிருந்து "காற்று தெரியவில்லை, போகாதீர்கள்" என்று சிவப்பில் வரும்படி செய்துவிட்டேன். உன் சாரையும் அதைப் பார்க்கச் சொல்.

தெம்வா

*

சிந்தேச்சே
ஜூலை 21

அக்கா,

இன்று பெற்றோர் வரும் நாள். அம்மா வருவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். நான் இங்கே சேர்ந்ததிலிருந்து அவர் வந்ததே இல்லை. மீன் நாற்றம் போகச் சோப்புப் போட்டுக் குளித்து, திருமணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முசிஸ்கா மேடம் கை கொடுத்தார். அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை இன்னொரு முறை சட்டையில் துடைத்துக்கொண்டு கொடுத்தார்.

என்னிடம் வந்து நின்றார். வெகுநேரம் கூரையில் சுற்றும் கிண்ணங்களையே பார்த்தார்.

"அந்தப் பக்கத்தை நீதான் எழுதினியா?"

"ஆமாப்பா."

"எழுத்து பொடிசா இருக்கு."

நான் அவர் போனை எட்டிப் பார்த்தேன்.

"ஈரக் கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, படகு ஆடுறப்ப, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கு. மேல பள்ளிக்கூடம் பேரு, கீழ பாடத்தோட பேரு, நடுவுல ஏதோ கோடு. நாங்க என்ன அங்க உக்காந்து பேப்பரா படிக்கிறோம்? எண்ணைப் பெருசாப் போடு."

சாவி என்னிடம்தான் இருந்தது. ஓடிப்போய் அறையைத் திறந்து பெயர், கோடு, பாடவேலை எல்லாவற்றையும் அழித்தேன். எண்ணை மட்டும் விட்டு, திரை எவ்வளவோ அவ்வளவு பெரிதாக்கினேன். திரும்பி வந்து, "இப்பப் பாருங்க" என்றேன்.

அப்பா போனை முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று, அங்கிருந்து பார்த்தார்.

"ம்" என்றார். "இப்பத் தெரியுது காத்து."

லுசுங்கு